பிளாக்செயினில் ஓட்டுப்பெட்டி கட்டும் முன்

இறுதியாண்டு கணினி அறிவியல் மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து எத்தீரியம் என்ற பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரே நகலாக இருக்கும் பொதுப் பதிவேட்டில்) ஒரு வாக்குப்பதிவு முறை கட்டப் போகிறீர்கள். ஆதார், ஓடிபி, முக அடையாளம் மூன்றையும் வைத்து ஆளை உறுதி செய்து, மெட்டாமாஸ்க் வாலட் (செயினில் ஒருவரின் சாவியை வைத்திருக்கும் செயலி) வழியாக ஓட்டை ஸ்மார்ட் கான்ட்ராக்டில் (செயினிலேயே ஓடும் நிரலில்) பதிவது உங்கள் திட்டம். "பிளாக்செயினில் ஏறியதை யாராலும் மாற்ற முடியாது, ஆகவே இது ஈவிஎம்மைவிடப் பாதுகாப்பானது என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா? வேறு என்ன சேர்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி எழுத வேண்டாம். அதற்காக புராஜெக்டைக் கைவிடவும் வேண்டாம். உழைப்பை வேறு இடத்தில் போட்டால் நன்றாகவே வரும். எந்த இடத்தில் என்பதைச் சொல்ல, நான் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கல்லூரியில் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு வெளியாளாகப் போயிருந்தேன். உங்களுடையதைப் போலவே ஒரு குழு. டெமோவுக்காக ஒரு மாணவியை ஓட்டுப் போடச் சொன்னார்கள். நான் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போட்டு முடித்ததும், அந்த ஓட்டு செயினில் பதிவான டிரான்சாக்ஷனைத் திறந்து காட்டச் சொன்னேன். இன்புட் டேட்டா என்ற பகுதியில் முதல் எட்டு எழுத்துகள், எந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டார்கள் என்பதற்கான அடையாளம். அதற்கடுத்து 64 இலக்கங்கள். 63 சுழி, கடைசியில் ஒரு 3. "மூன்றாவது வேட்பாளருக்கா போட்டீர்கள்?" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். அனுப்பியவரின் முகவரி அதற்கு இரண்டு வரி மேலேயே இருந்தது. எந்த முகவரி எந்த மாணவருடையது என்ற பட்டியல் அவர்கள் சர்வரிலேயே ஒரு டேபிளாக இருந்தது.

இரண்டாம் ரிவ்யூவுக்குத் திருத்திக்கொண்டு வந்தார்கள். வாக்காளர் அட்டை எண்ணையும் வேட்பாளர் எண்ணையும் சேர்த்து ஷா-256 என்ற கணக்கால் ஹேஷாக்கி (நிலையான நீளமுள்ள ஒரு குறியீடாக்கி) அதை மட்டும் செயினில் போட்டிருந்தார்கள். ஹேஷைத் திருப்பிப் பிரிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் இங்கே திருப்ப வேண்டிய தேவையே இல்லை, சாத்தியமான ஒவ்வொன்றையும் ஹேஷாக்கி, செயினில் இருப்பதோடு ஒப்பிட்டால் போதும். அட்டை எண் என்பது மூன்று எழுத்து, ஏழு இலக்கம். சாத்தியமான எல்லா எண்களையும் கூட்டினால் 17,576 கோடி. ஐந்து வேட்பாளர்கள் என்றால் அதை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். கேம் ஆடுவதற்கு வாங்கிய நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி ஷா-256 போடும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லா ஓட்டும் வெளியே வந்துவிடும். அந்தச் சிரமம்கூடத் தேவையில்லை, அட்டை எண்கள் அச்சிட்ட வாக்காளர் பட்டியலிலேயே இருக்கின்றன.

சரி, வாலட்டை யாருடைய பெயரோடும் இணைக்காமல் கொடுத்துவிடுகிறோம் என்பீர்கள். அந்த வாலட்டில் கேஸ் கட்டணத்துக்கு (செயினில் எழுதக் கட்டும் தொகைக்கு) ஈத்தர் என்ற எத்தீரிய நாணயம் வேண்டுமே, அதை யார் போடுவது? தேர்தல் நடத்துபவர் பட்டியலைப் பார்த்து வரிசையாக அனுப்பினால், அந்த வரிசையே பெயர்ப் பட்டியலாகிவிடும். ஓடிபி சரிபார்த்த நேரமும் செயினில் ஓட்டு ஏறிய நேரமும் பதினைந்து விநாடி இடைவெளியில் இருந்தால், இரண்டு லாகையும் (நேரப் பதிவையும்) பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். செயினில் ஏறியதை அழிக்க முடியாது என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் குணம் இந்த இடத்தில் உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது. இன்றைக்கு உடையாத என்கிரிப்ஷன் (சாவி போட்டுப் பூட்டும் குறியாக்கம்) இருபது வருடம் கழித்து உடைந்தால், அன்றைக்கும் எல்லா ஓட்டும் அங்கேயே கிடக்கும்.

வங்கிப் பணப் பரிமாற்றமே ஃபோனில் நடக்கும்போது ஓட்டு மட்டும் ஏன் முடியாது என்று எல்லோரும் கேட்பார்கள். வங்கிக்கு அனுப்பியவர் யார், பெற்றவர் யார் என்பது தெரியும். தப்பு நடந்தால் ஸ்டேட்மென்ட்டைக் காட்டிச் சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். ஓட்டில் அந்த ஸ்டேட்மென்ட்டே இருக்கக் கூடாது. என் ஓட்டு ஒழுங்காக எண்ணப்பட்டது என்று எனக்கு உறுதி வேண்டும். அதே சமயம் நான் யாருக்குப் போட்டேன் என்பதை நானே காட்ட நினைத்தாலும் காட்ட முடியக் கூடாது. கடைசி நிபந்தனை ஏன் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடா காரணமாக ரத்தான ஊர் இது. இவ்வளவு பணம் இறங்கினாலும், கொடுத்தவருக்குக் கடைசிவரை ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். காசை வாங்கிக்கொண்டு வேறு சின்னத்தில் அழுத்திவிட்டு வந்தால் அவருக்குத் தெரிய வழியில்லை. வாக்குச்சாவடியில் இருக்கும் அந்த அட்டை மறைப்பு செய்கிற வேலை அதுதான். வீட்டுத் திண்ணையில் ஃபோனில் ஓட்டுப் போடலாம் என்று ஆக்கினால், கவரோடு வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, "போடுங்க அண்ணே, பார்த்துட்டுக் குடுக்கிறேன்" என்பார். செயினில் நீங்கள் தரும் ரசீது அவருக்கு இன்னும் வசதி.

வெளிநாடுகளில் இதைச் செய்து பார்த்தவர்கள் கதை, உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயமாகவே வர வேண்டும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா 2018-ல் வெளிநாட்டில் இருந்த ராணுவத்தினருக்காக வோட்ஸ் என்ற ஃபோன் செயலியைப் பயன்படுத்தியது. பிளாக்செயின் என்பதுதான் அதன் விளம்பரம். 2020 பிப்ரவரியில் எம்ஐடி ஆய்வாளர்கள் அந்தச் செயலியைப் பிரித்துப் பார்த்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஃபோனுக்குள் புகுந்தவரோ, சர்வரைக் கைப்பற்றியவரோ ஓட்டைப் பார்க்கவும் மாற்றவும் முடியும் என்று காட்டினார்கள். ஃபோனுக்கும் பிளாக்செயினுக்கும் நடுவில் ஒரு சாதாரண சர்வர் இருந்தது. ஆட்டமெல்லாம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் மறக்க முடியாதது வேறொன்று. ஓட்டு என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது, ஆனால் எந்த வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து, அனுப்பும் தரவுப் பாக்கெட்டின் நீளம் மாறியது. வைஃபையைக் கவனித்துக்கொண்டிருப்பவர் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதில்லை, நீளத்தை அளந்தால் போதும். அந்த ஆண்டே மேற்கு வர்ஜீனியா அந்தச் செயலியை விட்டுவிட்டது.

2019 செப்டம்பரில் மாஸ்கோ நகர டூமா (நகர மன்றம்) தேர்தலுக்கு எத்தீரியம் அடிப்படையில் ஒரு முறையைக் கட்டினார்கள். தேர்தலுக்கு முன் கோடை வெளியிட்டு, உடைத்துப் பாருங்கள் என்று பொதுவில் விட்டார்கள். அது பாராட்ட வேண்டிய காரியம். பிரான்ஸைச் சேர்ந்த பியரிக் கோத்ரி என்ற ஆய்வாளர் சாதாரணக் கணினியில் சுமார் 20 நிமிடத்தில் உடைத்துவிட்டார். எல்கமால் என்ற என்கிரிப்ஷன் முறையை மூன்று அடுக்காகப் போட்டிருந்தார்கள், ஆனால் ஒவ்வொன்றின் சாவியும் 256 பிட்டுக்கும் குறைவு, அதாவது மிகக் குட்டை. சைக்கிள் பூட்டை மூன்று முறை பூட்டினால் அது பெட்டகப் பூட்டாகிவிடாது. பிறகு சாவி நீளத்தைக் கூட்டினார்கள். 2021-ல் ரஷ்ய நாடாளுமன்றத்தின் டூமாவுக்கு நடந்த தேர்தலில் அதே நகரில் பல தொகுதிகளில், காகித ஓட்டில் முன்னணியில் இருந்த எதிர்க்கட்சி வேட்பாளர்கள், தாமதமாக வெளியான ஆன்லைன் ஓட்டு எண்ணிக்கையைச் சேர்த்ததும் தோற்றார்கள். அது தில்லுமுல்லா, நியாயமான முடிவா என்று வெளியிலிருந்து யாரும் சரிபார்த்துத் தீர்க்க வழியில்லாமல் போனதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இதுவும் பிளாக்செயின்தான். எல்லா நோடும் (நகலை வைத்திருக்கும் கணினிகளும்) ஒரே தரப்பின் கையில் இருந்தால், பத்து நகல் எடுத்து வைத்த ஒரே நோட்டுப் புத்தகம்தான் அது.

எஸ்தோனியாவைப் பிளாக்செயின் தேர்தலுக்கு உதாரணம் காட்டுவார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலும் அது வந்திருக்கும் என்று நினைக்கிறேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அங்கே 2005-லிருந்து இணைய ஓட்டு இருக்கிறது, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்டோர் அப்படித்தான் போட்டார்கள், ஆனால் ஓட்டுகள் பிளாக்செயினில் இல்லை. தபால் ஓட்டின் இரட்டை உறை முறையை டிஜிட்டலில் செய்திருக்கிறார்கள். உள்ளுறை என்கிரிப்ட் செய்த ஓட்டு, வெளியுறை அடையாள அட்டையால் போட்ட கையொப்பம். எண்ணும் முன் வெளியுறையைக் கழற்றிவிடுவார்கள். ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். வாக்குச்சாவடிக்குப் போய்க் காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு ரத்தாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து மிரட்டுபவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பதில் அதுதான்.

இனி நீங்கள் என்ன கட்டலாம் என்பதற்கு வருகிறேன். சட்டமன்றத் தேர்தலை மறந்துவிடுங்கள். உங்கள் துறை மாணவர் மன்றத் தேர்தல், அபார்ட்மென்ட் சங்கத் தேர்தல் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு பேர், நான்கு வேட்பாளர்கள், ஓட்டுக்குக் காசு கொடுக்க யாருக்கும் அவ்வளவு ஆர்வம் இல்லாத இடம். அங்கே இந்தத் தொழில்நுட்பத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது.

அதில் பிளாக்செயினுக்கு உள்ள பங்கு, ஓர் அறிவிப்புப் பலகை. என்கிரிப்ட் செய்த ஓட்டுகள் எல்லோருக்கும் தெரியும்படி, எல்லோருக்கும் ஒரே மாதிரி, அழிக்க முடியாமல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். அதைச் செய்ய பிளாக்செயின் ஒரு நல்ல வழி, ஒரே வழியல்ல. ஆவணங்களின் ஹேஷை வாராவாரம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சின்ன விளம்பரமாக வெளியிட்டு இதே வேலையைச் செய்யும் நிறுவனம் ஒன்று 1995-லேயே வந்துவிட்டது, பிட்காயின் பிறப்பதற்குப் பல வருடம் முன்பு. உங்கள் துறை நோட்டீஸ் போர்டில் மாலை ஐந்து மணிக்கு ஒரு ஹேஷை அச்சிட்டு ஒட்டி, நாலு பேர் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் பலகைக்கு வெளியே இருக்கிற கணக்கு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் எதிரே ஓட்டு விழுந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்து, எல்கமால் முறையின் ஒரு வகையில் என்கிரிப்ட் செய்யுங்கள். அந்த முறையில் பூட்டிய எண்களை ஒன்றோடொன்று பெருக்கினால், உள்ளே இருப்பவை கூட்டப்பட்டுவிடும். ஒரு வேட்பாளருக்கு எதிரே உள்ள முந்நூறு பூட்டிய எண்களையும் பெருக்கி, கடைசியில் வரும் ஒரே ஒரு எண்ணைத் திறந்தால் அவருடைய மொத்த எண்ணிக்கை. தனித்தனி ஓட்டை யாரும் திறக்கவே வேண்டாம். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. யாராவது 1-க்குப் பதில் 50 என்று போட்டுப் பூட்டி அனுப்பினால்? பூட்டியிருப்பதால் தெரியாது. எதிரிக்கு மைனஸ் 50-உம் போடலாம். அதனால் ஒவ்வொரு ஓட்டோடும், உள்ளே இருப்பது 0 அல்லது 1 மட்டும்தான் என்பதற்கான ஜீரோ நாலெட்ஜ் புரூஃப் (உள்ளே இருப்பதைக் காட்டாமலே நிரூபிக்கும் கணக்கு) வர வேண்டும். மாணவர் புராஜெக்டுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் படிதான். புரூஃப் எழுதுவதில் சின்னப் பிசகு இருந்தாலும் எல்லாம் போயிற்று. சுவிட்சர்லாந்து தபால் துறையின் வாக்குப்பதிவு மென்பொருளில் 2019-ல் அப்படி ஒரு பிழை அகப்பட்டது, ஓட்டுகளை மாற்றிவிட்டு, மாற்றவில்லை என்று நிரூபணமும் தயாரிக்க முடிகிற பிழை. ஆகவே நீங்களாக எழுதாமல், ஹீலியோஸ், எலெக்ஷன்கார்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்களின் கோடைப் படித்து அதன் மேல் கட்டுங்கள். எத்தீரியத்தைவிட்டு நகர மனமில்லை என்றால் செமஃபோர், மாசி என்ற இரண்டு எத்தீரியக் கருவிகளையும் பாருங்கள். செமஃபோர், பட்டியலில் உள்ள யாரோ ஒருவர் என்பதை மட்டும் நிரூபித்து யார் என்பதை மறைக்கும். மாசியில் வாக்காளர் தன் சாவியை ரகசியமாக மாற்றிக்கொள்ளலாம், அதனால் காசு கொடுத்தவருக்கு எது செல்லுபடியான ஓட்டு என்று தெரியாது. ஆனால் அதை நடத்தும் ஒருங்கிணைப்பாளருக்கு எல்லா ஓட்டும் தெரியும். இந்தக் குறையை மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்து ஃபோன். திரையில் மூன்றைத் தொட்டால், செயலி உள்ளே ஐந்தைப் பூட்டி அனுப்பலாம். பூட்டிய பின் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இதற்கு ஜோஷ் பெனலோ என்ற குறியாக்கவியல் ஆய்வாளர் சொன்ன வழி ஒன்று உண்டு. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போமே, அப்படியே அது. செயலி ஓட்டைப் பூட்டி, பூட்டியதன் ஹேஷை முதலில் காட்டிவிட வேண்டும். அப்புறம்தான் உங்களிடம் கேட்க வேண்டும்: இதைப் பதியவா, திறந்து காட்டவா? திறக்கச் சொன்னால், பூட்டப் பயன்படுத்திய ரகசிய எண்ணைச் செயலி தர வேண்டும். அதை வேறொரு கணினியில் போட்டு, உள்ளே மூன்று இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். திறந்த ஓட்டு செல்லாது, மறுபடி புதிதாகப் பூட்டிப் போட வேண்டும். எந்த முறை திறக்கச் சொல்வீர்கள் என்று செயலிக்கு முன்கூட்டித் தெரியாததால், ஏமாற்றினால் என்றாவது மாட்டும். முந்நூறு பேரில் முப்பது பேர் சோதித்தாலே பரவலான மோசடி தப்பாது. ஆனால் உண்மையான பயனர்களை உட்காரவைத்துப் பாருங்கள், "திறந்து காட்டவா" என்ற பொத்தானை யாரும் தொடமாட்டார்கள். அவர்களைத் தொட வைக்கும் திரையை எப்படி வடிவமைப்பது என்பதே ஒரு தனி புராஜெக்ட். எனக்கு விட்டால் நான் அதைத்தான் எடுப்பேன்.

முகம், ஓடிபி பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. ஆதாரைத் தொடாதீர்கள், முந்நூறு பேர் சங்கத்துக்கு அது தேவையும் இல்லை, அனுமதியும் கிடைக்காது. துறை அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டி, சீல் வைத்த கவரில் ஒரு குறியீட்டை வாங்கிக்கொள்ளட்டும்.

இந்தியாவில் இது எங்கே நிற்கிறது என்பதும் ரிப்போர்ட்டில் இருக்கட்டும். 2020, 2021-ல் தேர்தல் ஆணையம் ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து பிளாக்செயின் தொலைவாக்குப்பதிவை ஆராய்ந்தது. அந்தத் திட்டத்திலும் வீட்டிலிருந்து ஓட்டு இல்லை, வேறு ஊரில் இருப்பவர் அங்கே குறிப்பிட்ட மையத்துக்குப் போய்த்தான் போட வேண்டும். 2022 டிசம்பரில் ஆணையம் அறிவித்த மாதிரி இயந்திரமோ எந்த நெட்வொர்க்கிலும் சேராதது, ஒரே சாவடியில் 72 தொகுதிகளின் ஓட்டை வாங்கக்கூடியது. கட்சிகள் எதிர்த்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை. மாநிலத் தேர்தல் ஆணையங்கள் வேறு வழியில் போயிருக்கின்றன. 2021-ல் தெலங்கானா கம்மத்தில் ஃபோன் வழி ஒத்திகை நடத்தியது, 2025 ஜூனில் பீகார் சில நகராட்சித் தேர்தல்களில் முதியோர், மாற்றுத்திறனாளிகள், வெளியூர் போனவர்கள் போன்றோரை உண்மையாகவே ஃபோன் செயலியில் ஓட்டுப் போட வைத்தது. இரண்டிலும் பிளாக்செயின் என்று சொல்லப்பட்டது. படுக்கையில் கிடக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கு இது பெரிய வசதி, மறுக்கவில்லை. பாட்டியின் ஃபோனை வைத்திருப்பது பேரன் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஈவிஎம்மோடு ஒப்பிட ஆசைப்பட்டால், சரியான ஒப்பீட்டைச் செய்யுங்கள். விவிபேட் சீட்டு (யாருக்குப் போட்டீர்கள் என்று ஈவிஎம்மோடு சேர்ந்து அச்சிடும் காகிதம்) ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து பெட்டியில் விழுகிறது. அந்தச் சீட்டைப் பள்ளிக்கூடம் போகாதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், வேண்டுமானால் எண்ணலாம். எத்தனை சீட்டை எண்ணுவது என்பதில் இங்கே நீண்ட வழக்குகளே நடந்தன, அது தனிக் கதை. 2009-ல் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்நாட்டில் பயன்பாட்டில் இருந்த வாக்குப்பதிவுக் கணினிகளைச் செல்லாது என்றது இதே காரணத்துக்காக. தேர்தலின் முக்கியப் படிகளைத் தனி நிபுணத்துவம் இல்லாத குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது தீர்ப்பு. நான் மேலே சொன்ன எல்கமாலும் புரூஃபும் அந்தச் சோதனையில் தேறாது. உங்கள் ஹெச்ஓடிக்கே புரிய வைக்க அரைமணி நேரம் ஆகும்.

கடைசியாகச் சாவி. மொத்த எண்ணைத் திறக்கும் சாவி ஒருவரிடம் இருந்தால் அவர் எல்லோருடைய ஓட்டையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கலாம். அதனால் பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லோரும் வந்தால்தான் திறக்கும் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 நவம்பரில் ஓர் உதாரணம் கிடைத்தது. உலகக் குறியாக்கவியல் ஆய்வாளர்களின் சங்கம் ஹீலியோஸில் தன் நிர்வாகிகள் தேர்தலை நடத்தியது. சாவி மூன்று பேரிடம், மூவரும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒருவர் தன் பங்கைத் தொலைத்துவிட்டார். பூட்டு அவ்வளவு நன்றாக இருந்ததால் யாராலும் திறக்க முடியவில்லை. தேர்தலை ரத்து செய்து மறுபடி நடத்தினார்கள், இம்முறை மூவரில் இருவர் போதும் என்று மாற்றிக்கொண்டு. இத்தொழிலையே கண்டுபிடித்தவர்கள் சங்கத்தில் நடந்தது இது.

நீங்கள் ஐந்து பேரிடம் கொடுத்து, எந்த மூவர் வந்தாலும் திறக்கும் என்று வையுங்கள். ஐவரும் உங்கள் குழுவிலிருந்து வேண்டாம், வேட்பாளர் தரப்புக்கு ஒருவர், ஓர் ஆசிரியர், ஒரு ஜூனியர் என்று கலந்து இருக்கட்டும். எண்ணும் தேதிக்கு அவர்களில் யாருக்கெல்லாம் பெங்களூருவில் இன்டர்ன்ஷிப் இருக்கிறது என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.